ஓரம் பார்க்கிற லென்ஸ் அக்கா

ஒரு வெள்ளிக் காசு கைக்கு வந்தால் லென்ஸ் அக்கா முதலில் அதன் முகத்தைப் பார்க்கமாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். காசை நிமிர்த்திச் சக்கரம் மாதிரி பிடித்து, ஆள்காட்டி விரல் நகத்தை அதன் விளிம்பில் வைத்து மெதுவாக உருட்டுவாள். நகம் காசின் ஓரத்தில் நடந்து போகும். கோடு கோடாக வெட்டியிருந்தால் கரகரவென்று ஒரு நடை. மழுங்கியிருந்தால் வழுக்கல். எழுத்து இருந்தால் நகம் தடுக்கும். தடுக்கிய இடத்தில் அக்காவின் உதடு லேசாகப் பிரியும். ஒரு சுற்று முழுசாக முடிந்த பிறகுதான் கண் திறப்பாள். ராஜா, ராணி, கழுகு, கப்பல் எல்லாம் அப்புறம்தான்.

"மாப்பிள்ளை பாக்கப் போய் செருப்பை மட்டும் பாத்துட்டு வர்ற மாதிரி இருக்கு நீ பண்றது" என்பார் அவள் புருஷன். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

"மூஞ்சியைப் பாத்துதானே உங்களைக் கட்டிக்கிட்டேன். ஒரு தடவை ஏமாந்தது போதும்" என்பாள் அக்கா.

ஓரம் பார்க்கிற பழக்கம் தொழிலில் இருந்து ஒட்டிக்கொண்டது. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்பக்கம் விளக்கும் அலமாரியும் நிலைக்கண்ணாடியுமாகப் பளபளக்கும். தடுப்புப் பலகைக்குப் பின்னால் அக்காவின் இடம். லென்ஸ் உரசுகிற மெஷின், அதன் மேல் சொட்டு சொட்டாக விழும் தண்ணீர், ஃப்ரேமைச் சூடாக்கி இளக்குவதற்குப் பொடிக் கண்ணாடி மணிகள் நிறைந்த சட்டி, கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூக்கள். வட்டமாக வருகிற லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்கு உரசி உட்கார வைப்பது அவள் வேலை. லென்ஸின் நடுப்பகுதி டாக்டர் எழுதிக் கொடுத்தது, அதில் யாரும் கை வைக்க முடியாது. ஓரம் மட்டும் அவள் ராஜ்யம். ஒரு மயிரிழை அதிகம் உரசினாலும் லென்ஸ் ஃப்ரேமுக்குள் ஆடும். ஆடினால் ஆள் படியில் தடுக்குவான்.

முதல் காசும் அந்த அறையிலேயே கிடைத்தது. மெஷின் வைத்திருந்த மேசை ஆடக்கூடாது என்று அதன் ஒரு காலுக்கு அடியில் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு காசைச் செருகியிருந்தார்கள். கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடித் தரையில் தவழ்ந்த ஒரு மதியம் அக்காவின் விரல் அதில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. உருவி எடுத்துத் துடைத்தால், தலையில் இலை சூடிய ஒரு ஆள், கண்டுபிடிக்க முடியாத ஒரு நாடு. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வெள்ளிக்கு ஒரு குணம் உண்டு. கைச்சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும், இரும்பு மாதிரி முறைத்துக்கொண்டு இருக்காது. கொஞ்ச நேரத்தில் எது விரல், எது காசு என்று தெரியவில்லை.

"முதலாளி, இதை நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்க. மேசை ஆடினா உன்னைத்தான் காலுக்கு அடியில வைப்பேன்."

அட்டையை மடித்து மேசைக்காலுக்குக் கொடுத்துவிட்டு, இலை சூடியவரை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. பழைய சாமான் கடை, வீடு காலி பண்ணுகிறவர்கள் தெருவில் பரப்பும் சாக்கு, பழங்காசு விற்கிற ஞாயிற்றுக்கிழமை வரிசை என்று எங்கே போனாலும் அக்காவின் கை முந்திக்கொண்டு நீளும். கிடைத்ததையெல்லாம் லென்ஸ் வருகிற வெள்ளைக் காகித உறைகளில் போட்டு வைப்பாள். பவர் எழுத வேண்டிய இடத்தில் நாட்டின் பெயர் இருக்கும்.

"நம்ம ஊர்க் காசு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று புருஷன் ஒரு நாள் கேட்டார்.

"நம்ம காசைப் பாத்தா காய்கறி ஞாபகம் வருது, பஸ் டிக்கெட் ஞாபகம் வருது. இதைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வர்றதில்ல. அதான் பிடிச்சிருக்கு."

"என்னைப் பாத்தா?" என்றார் அவர்.

"டீசல்."

காசுகளில் இருக்கிற முகங்களுக்கு அவர் முறை வைத்திருந்தார். இரட்டைத் தாடை ராஜா அவருக்கு மாமனார். மூக்கு நீண்ட ராணி பெரியம்மா. இலை சூடியவர் ஒன்றுவிட்ட சகலை. சனிக்கிழமை ராத்திரி அக்கா உறைகளை மேசையில் பரப்பினால், "வந்துட்டாங்கப்பா உன் சொந்தக்காரங்க. எல்லாருக்கும் சாப்பாடு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

இத்தனை சொந்தக்காரர்களிலும் ஒருத்தி மட்டும் வந்து சேரவில்லை. முக்காடு போட்ட ஒரு கிழட்டு ராணி. உள்ளங்கை நிறைகிற பெரிய வெள்ளிக் காசு அது. பின்பக்கம் குதிரை மேல் ஒருவன், குதிரையின் காலடியில் ஏதோ ஒரு பூதப் பாம்பு. இதெல்லாம் அக்காவுக்குப் பெரிதில்லை. அந்தக் காசின் ஓரம் முழுக்க எழுத்து இருக்கும். வெட்டிய எழுத்து இல்லை, மேலே புடைத்து நிற்கிற எழுத்து. லத்தீனில் ஒரு வாசகம், அதன் பின்னாலேயே ராணி பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருஷம் என்கிற கணக்கு. எல்லாம் அந்த மெல்லிய விளிம்பில். ஃபோனில் படம் பார்த்தே அக்கா அதை மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் கையில் அகப்பட்ட இரண்டு மூன்றும் யாரோ கழுத்தில் போட்டுக் கழற்றியவை. வளையம் பற்ற வைத்து, ஓரத்தை உரசி மொழுக்கென்று ஆக்கியிருந்தார்கள். நகத்தை வைத்து உருட்டினால் பல் விழுந்த ஈறு மாதிரி இருக்கும். அக்கா கண்ணைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்த ராணி ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு அக்காவின் ஃபோனில் வந்து நின்றாள்.

அனுப்பியது நாத்தனார். புருஷனின் ஒரே தங்கச்சி, பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வீட்டில் பாப்பா என்று பெயர், பாப்பாவுக்கு நாற்பது ஆகப் போகிறது. முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். கீழே எழுதியிருந்தாள்: 'அண்ணி, டாலர் பண்ணக் குடுத்திருக்கேன். சும்மா நான் போட்டுக்கத்தான். எந்தப் பக்கம் முன்னாடி வந்தா நல்லா இருக்கும்? பாட்டியா, குதிரையா?'

அக்கா மெஷினை நிறுத்தினாள். படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். தேய்மானமே இல்லை. முக்காட்டின் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

'ஓரத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு' என்று எழுதினாள்.

'ஓரமா? என்கிட்ட இல்லையே. கடிகாரக் கடைச் சந்துப் பட்டறையில இருக்கு. ஓரம் சொரசொரன்னு கழுத்துல உரசும்னு சொன்னாரு, மத்தியானம் உரசி வழவழன்னு ஆக்கிடுவாராம். சரி அண்ணி, பேஷன்ட் வந்தாச்சு.'

அக்கா கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கிளினிக்கில் ஆள் இருக்கும் நேரம் ஃபோன் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

சொரசொர. புடைத்த எழுத்து உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. போன வருஷம் நாத்தனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அக்கா, "நல்லா இருக்கே, எங்க வாங்கினே?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டாள். நாலாம் நாள் அது, "அண்ணிக்கு நான் எது வெச்சிருந்தாலும் அது மேலதான் கண்ணு" என்று சுற்றி வந்து அக்காவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் அளந்து அளந்துதான் பேச்சு. இப்போது போய் அந்தக் காசைத் தொடாதே என்றால் என்ன அர்த்தம் வரும் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் கால் நிற்கவில்லை.

"முதலாளி, ஒரு மணி நேரம்."

"வழுக்கை சார் கண்ணாடி என்னாச்சு? ரெண்டு மணிக்கு வருவாரு."

"ஒரு கண்ணு முடிஞ்சுது."

"ஒரு கண்ணை வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு?"

"அதுக்குள்ள வந்துடுவேன்" என்றவள் ஏப்ரனோடு வெளியே வந்துவிட்டாள். பையில் லென்ஸ் துடைக்கிற துணி, பூதக்கண்ணாடி, வழுக்கை சாரின் ஒற்றைக் கண் ஃப்ரேம். மணிபர்ஸ் இல்லை. ஸ்டாப்பில் வந்து நின்ற பஸ், அவள் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, புருஷன் ஓட்டுகிற பஸ்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன இந்த நேரத்துல?"

"பாப்பா ராணியை உரசக் குடுத்திருக்கா."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். பஸ் ஓட்டுகிறவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அவ காசு, அவ கழுத்து. உனக்கு என்ன அங்க வேலை? அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பிப் போ."

"இறங்கமாட்டேன். கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"சிகப்பு எரியுது. உன் ராணி வந்து பச்சையாக்குவாளா?"

"முன்னாடி போற ஆட்டோவையாவது தாண்டுங்க."

"சொல்றதைக் கேளு. பட்டறைக்கெல்லாம் போகாத. சாயங்காலம் நானே பாப்பாகிட்ட பேசறேன்."

"சாயங்காலம் பேசி என்ன பண்றது? பொடியைக் கூட்டி அள்ளிக் குடுப்பாரு, அதையா வாங்கிட்டு வருவீங்க?"

கண்டக்டர் வந்து பக்கத்தில் நின்றார். "அவசரம் புரியுது அண்ணி. டிக்கெட்?"

அக்கா ஏப்ரன் பையைத் தடவினாள். டிரைவர் திரும்பாமலே சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பின்னால் நீட்டினார். "உள்ளூர்க் காசுதான். வாங்கிக்க."

பட்டறை கடிகாரக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. படி இறங்கிப் போகிற ஒரு சின்ன அறை. தாழ்வான பலகை, பற்ற வைக்கிற சின்ன அடுப்பு, உரசி விழும் வெள்ளிப் பொடி வீணாகாமல் விழுவதற்கு மடியில் ஒரு தோல். பட்டறைக்காரர் அந்தத் தோலை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். பலகையில் இருந்த பிடிகருவியின் வாயில், துணி சுற்றிய ராணி. அவர் கையில் அரம்.

"ஐயா, நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எத்தனை இழுப்பு இழுத்தீங்க?"

"இப்பதான் ஆரம்பிச்சேன். நாலு இழுப்பு இருக்கும். யாரும்மா நீ?"

"அந்தக் காசுக்காரியோட அண்ணி. அதைக் கொஞ்சம் என் கையில குடுங்க."

"குடுத்தவங்க கையிலதான் குடுப்பேன். அண்ணியாவது தண்ணியாவது."

"எடுத்துட்டுப் போகமாட்டேன். இங்கயே உக்காந்து பாத்துட்டுத் தர்றேன். நீங்க போட்டிருக்கறது எங்க கடைக் கண்ணாடி. இடது பக்கக் காது வலிக்குதுன்னு ரெண்டு தரம் வந்தீங்க. வளைச்சுக் குடுத்தது நான்தான்."

அவர் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் காசைத் தரவில்லை. ஃபோனை எடுத்துக் கிளினிக் நம்பருக்கே பேசினார். "உங்க அண்ணியாம். வந்து காசைக் கேட்டுச் சண்டை போடறாங்க. நான் எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போங்க."

நாத்தனார் ஸ்கூட்டரில் வந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. படி இறங்கும்போதே முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்களை யாரு அண்ணி இங்க வரச் சொன்னா?"

"பாப்பா, ஒரு நிமிஷம் கேளு."

"எந்தப் பக்கம்னுதானே கேட்டேன்? பாட்டின்னு சொல்லுங்க, இல்ல குதிரைன்னு சொல்லுங்க. பட்டறை வரைக்கும் தொரத்திக்கிட்டா வருவாங்க? எல்லாம் கெட்டுப் போச்சு."

"உன் காசு எனக்கு வேணாம்" என்றாள் அக்கா. சொல்லும்போது கண் காசை விட்டு நகரவில்லை. பொய் அந்த அளவுக்குப் பெரியது. "நீயே வெச்சுக்க. ஒரே ஒரு சுற்று, நீயே பாரு. பாத்த பிறகும் உரசணும்னு தோணிச்சுன்னா உரசச் சொல்லு. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

பட்டறைக்காரர் காசைக் கழற்றி நாத்தனார் கையில் வைத்தார். அக்கா பூதக்கண்ணாடியை அவள் கண்ணுக்குக் கொடுத்தாள்.

"கண்ணோட ஒட்டி வெச்சுக்க. காசைக் கிட்ட கொண்டு வா. இன்னும் கிட்ட. இப்ப உருட்டு, மெதுவா."

"ஒண்ணும் தெரியல. சாம்பல் கலர் சுவரு மாதிரி இருக்கு."

"உருட்டு."

"சுவரு... சுவரு... அண்ணி, ஏதோ நிக்குது."

"என்ன நிக்குது?"

"எழுத்து. டி. அப்புறம் ஈ. சி." நாத்தனாரின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "யாரு அண்ணி இங்க வந்து எழுதினது? இவ்வளவு சின்ன இடத்துல? அய்யோ, முடியவே மாட்டேங்குது, போய்க்கிட்டே இருக்கு."

அக்காவும் பட்டறைக்காரரும் இரண்டு பக்கமும் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அந்தக் காலத்துல காசோட ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சொரண்டி வெள்ளி திருடுவாங்க" என்றாள் அக்கா. "காசு பாக்க அப்படியேதான் இருக்கும், எடை மட்டும் குறைஞ்சிருக்கும். அதுக்குத்தான் ஓரத்துல எழுத்து. சொரண்டினா எழுத்து போயிடும், திருட்டு தெரிஞ்சிடும். என்ன எழுதியிருக்குன்னு கேளு. அழகுக்கும் காவலுக்கும்னு எழுதியிருக்கு."

பட்டறைக்காரர் அரத்தை மெதுவாகப் பலகைக்குக் கீழே வைத்தார்.

"இங்க ஒரு எழுத்துக்குக் காலைக் காணோமே" என்றாள் நாத்தனார்.

"அது என் நாலு இழுப்பு" என்றார் அவர்.

நாத்தனார் மறுபடி முதலிலிருந்து உருட்ட ஆரம்பித்தாள். மூன்றாம் சுற்றில் அக்கா சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டு, நகத்தை வைத்துப் பார்த்தாள். அக்காவின் கை தானாக ஏப்ரனுக்குள் போய் மூடிக்கொண்டது. வாங்கிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கை துடித்த துடிப்பு அதற்குத்தான் தெரியும். நாத்தனார் நீட்டவில்லை.

"உரச வேணாம்" என்றாள் கடைசியில், பட்டறைக்காரரைப் பார்த்து. "வளையமும் பத்த வைக்க வேணாம். சூடு பட்டா எழுத்துக்கு ஏதாவது ஆயிடும்." அப்புறம் முகம் விழுந்துவிட்டது. "ஆனா டாலர் வேணுமே அண்ணி. எப்படிக் கழுத்துல போடறது?"

அக்கா பதில் தேடி ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். வழுக்கை சாரின் ஃப்ரேம் வந்தது. ஒரு பக்கம் லென்ஸ், ஒரு பக்கம் ஓட்டை. ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

"வண்டியை எடு. கடைக்குப் போகலாம்."

"எதுக்கு?"

"உன் பாட்டிக்குக் கண்ணாடி போட."

கடைக்கு வந்ததும் அக்கா விற்காமல் கிடந்த பெட்டியைக் கவிழ்த்தாள். குழந்தைகள் போடுகிற வட்டக் கண்ணாடி ஒன்று, தடித்த கருப்பு பிளாஸ்டிக். நடுவில் மூக்குப் பாலத்தை அறுத்து ஒரு கண்ணை மட்டும் தனியாக எடுத்தாள். லென்ஸ் உட்காருகிற உள்பள்ளத்தைக் காசின் தடிமனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினாள். பிறகு மணிச் சட்டியைச் சூடாக்கி, சூடான கண்ணாடி மணிகளுக்குள் வளையத்தைப் புதைத்தாள். நாத்தனார் காசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"கொதிக்கிற மணியில என் காசைப் போடமாட்டீங்களே?"

"காசு சட்டிப் பக்கமே வராது. ஃப்ரேம் மட்டும் இளகும். இளகினதை விரிச்சு உள்ள காசை அழுத்தினா, ஆறும்போது இறுக்கிப் பிடிச்சுக்கும். லென்ஸை இப்படித்தான் மாட்டறோம். வேணும்னா மறுபடி மணியில காட்டிக் கழட்டிக்கலாம். இப்ப குடு."

அப்போதுதான் அந்தக் காசு அக்காவின் கைக்கு வந்தது. வளையம் சூடு ஆறுவதற்குள் உட்கார வைக்க வேண்டும். நேரம் இல்லை. இருந்தும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, நகத்தை ஓரத்தில் வைத்து, ஒரே ஒரு சுற்று உருட்டினாள். அத்தனை வருஷமாகப் படத்தில் பார்த்த எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து அவள் நகத்தைத் தட்டிவிட்டுப் போயின. கால் போன எழுத்தில் ஒரு சின்ன வழுக்கல். திரும்பவும் தட்டல். கண்ணைத் திறந்தாள், அழுத்தினாள். 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தாள் ராணி.

காது மாட்டும் கம்பி இருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன மூட்டில், ஸ்க்ரூ போன ஓட்டை சங்கிலி கோக்கத் தயாராகவே இருந்தது. கருப்பு வளையத்துக்குள் வெள்ளி முகம், அமாவாசையைச் சுற்றி வரைந்துவிட்டு உள்ளே நிலாவை வைத்த மாதிரி. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பவர் என்ன போட்டே?" என்றார். அவருக்குப் பின்னால் வழுக்கை சார் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இரண்டாவது கண் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

அதற்கப்புறம் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை. கழுத்திலிருந்து ராணியைக் கழற்றி மேசையில் வைப்பாள். "அண்ணி, ஓரம் பாக்கலாமா?" அக்கா கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன மணிச் சட்டி அதற்கென்றே வீட்டில் சூடாகும். இரண்டு பேரும் மாறி மாறி உருட்டுவார்கள். கால் போன எழுத்துக்கு நாத்தனார் நொண்டிச் சித்தப்பா என்று பெயர் வைத்திருக்கிறாள். பல் பிடுங்க வருகிறவர்களிடம்கூட வீட்டில் வெளிநாட்டுக் காசு இருக்கிறதா என்று விசாரிக்கிறாள் என்று கேள்வி. பழங்காசு வரிசையில் இப்போது அக்காவின் கை நீளும் முன்பே பக்கத்திலிருந்து இன்னொரு கை நீள்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச நேரம் இல்லை.

"ஒரு பைத்தியத்தைக் கட்டிக்கிட்டேன், கூடப் பொறந்ததும் பைத்தியமாயிடுச்சு" என்று பஸ் ஓட்டுகிறவர் கண்டக்டரிடம் சொல்லிக்கொள்வார்.

அவர் மனதிலேயே வைத்திருந்த ஒன்று வெகு நாள் கழித்து, அக்காவிடம் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கண்டக்டரிடம் வெளியே வந்தது. அந்தக் காசைப் பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கிய அன்றைக்கே பாப்பா அண்ணனிடம் காட்டியிருக்கிறாள். அதை டாலராகச் செய்யச் சொன்னது, அந்த வெள்ளிக்கிழமை வந்த அண்ணியின் பிறந்தநாளுக்கு அண்ணி கழுத்தில் போட்டுவிட. பட்டறையில் ஓரம் பார்த்த பிறகு கொடுக்க மனசு வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போய் அவசரமாக ஒரு கைப்பை வாங்கிவிட்டாள்.